‘அரசு முன்வருமா?’ – மக்கள் பிரதிநிதி கேட்கும் கேள்வியைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வசிக்கும் மூதாட்டி ஒருவர், கும்பப்பூ நெல் அறுவடை முடிந்திருந்த ஒரு காலை நேரத்தில், நெகிழி உறையில் சுற்றி வைத்திருந்த வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மாதந்தோறும் வரவு வைக்கப்பட்டு வந்த முதியோர் ஓய்வூதியம் மூன்று மாதங்களாக அதில் பதிவாகவில்லை. அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறார். முதல் முறை ஆதாரில் பெயர் பொருந்தவில்லை என்றார்களாம். இரண்டாம் முறை, பட்டியல் மேலிடத்திலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறது என்றார்களாம். “எனக்கு மட்டும் ஏன் மக்களே நின்னுபோச்சு?” என்று அவர் கேட்டார். விசாரித்துப் பார்த்தபோது எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக மேலும் நான்கு பேருக்கு அதே போல நின்றிருந்தது தெரியவந்தது.

ஒருவருக்கு நின்றால் அது ஒரு மனு. ஐந்து பேருக்கு, அதுவும் ஒரே காலத்தில் நின்றால், அது ஒரு கேள்வி. எழுத்துமூலம் விடை சொல்லக் கடமைப்பட்டவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே நம் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேள்வி நேரம் என்றும் வினா-விடை நேரம் என்றும் சொல்கிறோம். தொலைக்காட்சியில் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, யாரோ எழுந்து ஏதோ கேட்கிறார், அமைச்சர் ஏதோ சொல்கிறார் என்ற அளவில் கடந்துபோகிற பலருக்கும் இதன் உள்கட்டமைப்பு தெரிவதில்லை. தெரிந்துகொண்டால் நம் ஊர்க் குறைகளை இன்னும் கூர்மையாக எழுதிக் கொடுக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். அமைச்சரவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பானது. நிதி செலவிடவும் வரி விதிக்கவும் அவையின் ஒப்புதலைப் பெறும் அரசு, அந்தப் பணம் எங்கே போனது, அந்தத் திட்டம் யாரைச் சென்றடைந்தது என்று அவை கேட்கும்போது விடை சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்பது ஆளுங்கட்சி உறுப்பினர், எதிர்க்கட்சி உறுப்பினர் என்ற வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் உள்ள உரிமை. அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்பதில்லை. அவர் விடை சொல்லும் இடத்தில் இருக்கிறார். ஆகவே ஒரு தொகுதியின் உறுப்பினரே அமைச்சராகும்போது அந்தத் தொகுதியின் குறைகள் அமைச்சரவைக்குள் நேரடியாகப் பேசப்படலாம் என்றாலும், அவைக் குறிப்பில் கேள்வியாகப் பதிவாக வேண்டுமானால் பக்கத்துத் தொகுதி உறுப்பினரோ வேறொருவரோதான் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த உரிமை ஒரே நாளில் வந்ததன்று. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்ட மன்றங்களில் கேள்வி கேட்கும் உரிமையை முதலில் தந்தது 1892-ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம். ஆனால் சொல்லப்பட்ட விடையின்மேல் மறுகேள்வி கேட்க அதில் இடமில்லை. கேள்வி கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி கேட்கும் உரிமையை 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. மற்ற உறுப்பினர்களுக்கும் அது 1919 சீர்திருத்தங்களுக்குப் பிறகே கிடைத்தது. கேட்பதற்கும் மறுபடி கேட்பதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் போயிருக்கின்றன என்பதைக் கவனித்தால், ஆட்சியில் இருப்பவர்கள் எதற்கு அதிகம் தயங்குகிறார்கள் என்பது விளங்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதில் தனியான ஒரு முன்கதையும் உண்டு. அப்போது நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தோம். இந்திய சமஸ்தானங்களிலேயே முதன்முதலாக ஒரு சட்ட சபை அமைந்தது அங்கேதான், 1888-இல். 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது. உறுப்பினர்கள் ஆண்டுக்கொரு முறை திருவனந்தபுரத்தில் கூடி, தங்கள் பகுதியின் சாலை, பாசனம், பள்ளிக்கூடம், வரி ஆகியவற்றைப் பற்றித் சமஸ்தானத்தின் தலைமை அமைச்சரான திவானின் முன்னிலையில் எடுத்துரைப்பார்கள். ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக 1911-இல் அந்தச் சபைக்கு நியமிக்கப்பட்ட அய்யன்காளி, நிலமும் பள்ளிச் சேர்க்கையும் வேண்டுமென்று வலியுறுத்தியது அங்கேதான். சபைக்குக் கேட்க மட்டுமே அதிகாரம் இருந்தது; திவானைக் கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரமில்லை. பிறகு, தமிழ் பேசும் வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் தலைமையில் எழுந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவானது. நம்முடைய குறையை நம்முடைய மொழியில் கேட்கக்கூடிய ஓர் அவை வேண்டும் என்பதும் அந்தப் போராட்டத்தின் உள்ளடக்கங்களில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். ஆகவே நம் மாவட்டத்தின் பெயர் அவைக் குறிப்பில் வருவதை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்று இந்த மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்கு ஆறு பேர் போகிறார்கள்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். மக்களவைக்கு ஒருவர். யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலோர் முதலில் தடுக்கி விழுகிறார்கள். எந்த அரசின் பொறுப்பில் அந்தப் பொருள் இருக்கிறதோ அந்த அரசின் அமைச்சரிடம்தான் கேள்வி கேட்க முடியும். மற்ற அரசின் பொறுப்பிலுள்ளதைக் கேட்டால் கேள்வி ஏற்கப்படாமலே திரும்பிவிடும்.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக வரும் நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை. அதிலுள்ள குழிக்கு விடை சொல்ல வேண்டியவர் தில்லியில் இருக்கும் சாலைப் போக்குவரத்து அமைச்சர். அதிலிருந்து பிரியும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் இருந்தால் கேள்வி சென்னைக்குப் போக வேண்டும். அங்கிருந்து நம் தெருவுக்குள் திரும்பும் சாலை ஊராட்சியுடையதாக இருந்தால், அதற்கு முதலில் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. நாகர்கோவில் நகருக்குள் என்றால் 2019 முதல் மாநகராட்சி மன்றம். நடந்துபோனால் பத்து நிமிடத்தில் கடந்துவிடும் தூரத்தில் மூன்று அரசுகளின் எல்லை இருக்கிறது. நம் காலுக்குத் தெரிவது ஒரே குழிதான்.

ரப்பரிலும் இப்படித்தான். ரப்பர் வாரியம் மத்திய வர்த்தகத் துறையின் கீழ் இருப்பது; மறுநடவு மானியம், இறக்குமதி வரி ஆகியவற்றை மக்களவையில்தான் கேட்க வேண்டும். ஆனால் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகம் மாநில அரசின் நிறுவனம். அங்கே பால்வடிக்கும் தொழிலாளரின் கூலியைக் கேட்க வேண்டிய இடம் சென்னை. கடலிலும் ஒரு கோடு இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடித்தலை ஒழுங்குபடுத்துவது மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர் வட்டார மீனவர்களைப் பற்றிய கேள்விகளில் பாதி ஏன் தில்லிக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். தடைக்கால நிவாரணம் பற்றிக் கேட்பவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, இந்த இரண்டும் நடைமுறையில் இருக்கும் மாவட்டம் இது. ‘தடைக்காலத்தில்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்தத் தடைக்காலம் என்ற இடைவெளியில் விடை நழுவிப் போய்விடலாம்.

முதியோர் ஓய்வூதியம் இன்னும் சற்றுச் சிக்கலானது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு தருவது 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு மாதம் 200 ரூபாய், 80 வயதுக்கு மேற்பட்டவருக்கு 500 ரூபாய். மீதியை மாநில அரசு சேர்க்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் மொத்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்த 200 ரூபாய் ஏன் இத்தனை ஆண்டுகளாக உயரவில்லை என்பது மக்களவைக் கேள்வி. விண்ணப்பித்து எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், யாருடைய ஓய்வூதியம் எதனால் நின்றது என்பது சட்டமன்றக் கேள்வி. பாட்டியின் கையில் இருந்தது ஒரே கணக்குப் புத்தகம்தான்.

கேள்விகளின் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேள்வியின் மேல் நட்சத்திரக் குறி இட்டிருந்தால் அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும். இதை உடுக்குறி வினா என்றும் எழுதுவதுண்டு. குறி இல்லாதவற்றுக்கு எழுத்துமூல விடை அவையின் மேசையில் வைக்கப்படும். அவசரப் பொருளுக்குக் குறுகிய கால அறிவிப்பு வினா உண்டு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திர வினாக்களும் 230 நட்சத்திரமில்லா வினாக்களும் பட்டியலில் வரும். 15 நாள் முன்கூட்டி அறிவிப்புத் தர வேண்டும். கேள்வி 150 சொற்களைத் தாண்டக்கூடாது. ஒரு நாளில் ஓர் உறுப்பினருக்கு ஒரு நட்சத்திர வினாதான். யாருடைய கேள்வி முதலில் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. மக்களவையில் அவை கூடும் நாளின் முதல் மணி நேரமான 11 முதல் 12 வரை இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் சட்டமன்றத்திலும் அன்றைய அலுவல்கள் வினா-விடையோடுதான் தொடங்குகின்றன. 2022 ஜனவரி முதல் அதை நேரலையில் பார்க்கவும் முடிகிறது.

வாய்மொழி விடையின் முழு வலிமையும் அதன் பின்னால் வரும் துணை வினாவில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் தயாரித்த விடையை அமைச்சர் வாசித்துவிடலாம். அதற்குப் பின் உறுப்பினர் எழுந்து முன்னறிவிப்பில்லாமல் கேட்பதற்கு அமைச்சர் தாமே பொருளறிந்து விடை சொல்ல வேண்டும். அதனால்தான் அமைச்சருக்குப் பின்னால் தடித்த கோப்பு ஒன்று தயாராகிறது; இந்த மாவட்டத்துக் கேள்வி என்றால் சென்னையிலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் குறிப்புக் கேட்டு அவசரத் தகவல் போகிறது. யாரும் கேட்காதவரை தொகுக்கப்படாமலே கிடந்த எண்கள், ஓர் உறுப்பினர் கேட்டதால் முதன்முறையாகக் கூட்டப்பட்டு ஒரு தாளில் வருகின்றன. கேள்வி நேரத்தின் உண்மையான பயன்களில் பாதி, விடை அவைக்கு வருவதற்கு முன்பே, இப்படி அலுவலகங்களில் நிகழ்ந்துவிடுகிறது என்பது என் கருத்து.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். நம் சட்டமன்ற வினாக்களைத் தொடர்ந்து படித்தால் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்: ‘இன்ன ஊரில் துணை சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா?’, ‘இன்ன குளத்தைத் தூர்வார அரசு ஆவன செய்யுமா?’ இவை தேவையான கேள்விகள். தொகுதி மக்களின் கோரிக்கையை அவையில் பதிவு செய்கின்றன. ஆனால் ‘முன்வருமா?’ என்று கேட்டால் ‘இல்லை, அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதையே ‘இந்த வட்டத்தில் துணை சுகாதார நிலையங்கள் எத்தனை; அவற்றில் கிராம சுகாதார செவிலியர் பணியிடங்கள் எத்தனை காலி; எந்தத் தேதியிலிருந்து காலி?’ என்று கேட்டால் ஒரே வரியில் முடிக்க இயலாது. எண் சொல்ல வேண்டும், தேதி சொல்ல வேண்டும். சொன்ன எண் அவைக் குறிப்பில் நிலைத்துவிடும். அடுத்த கூட்டத்தொடரில் அதை எடுத்துவைத்து மறுபடி கேட்கலாம்.

எங்கள் தெருவின் ஐந்து பேருக்காக நாங்கள் எழுதிப் பார்த்த மாதிரி வினாவை இங்கே அப்படியே தருகிறேன். சொல்லமைப்பைப் பார்ப்பதற்காகத்தான்.

‘மாண்புமிகு வருவாய்த் துறை அமைச்சர் அவர்கள் கீழ்க்காணும் வினாவிற்கு விடையளிப்பாரா:
(அ) கன்னியாகுமரி மாவட்டத்தில் கடந்த ஓராண்டில் முதியோர் ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட பயனாளிகள், வட்டம் வாரியாக, எத்தனை பேர்;
(ஆ) நிறுத்தப்பட்டதற்கான காரணங்கள் யாவை, ஒவ்வொரு காரணத்தின் கீழும் எத்தனை பேர்;
(இ) நிறுத்துவதற்கு முன் பயனாளிக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டதா;
(ஈ) மீண்டும் வழங்கப்பட்டவர்களுக்கு நின்றுபோன மாதங்களின் நிலுவை கொடுக்கப்பட்டதா?’

முதலில் நாங்கள் எழுதியது இப்படி இருக்கவில்லை. ‘ஏழை முதியோரின் வயிற்றில் அடிக்கும் வகையில் ஓய்வூதியத்தை நிறுத்தியது ஏன்?’ என்று கோபத்தோடு தொடங்கியிருந்தோம். கோபம் நியாயமானதே, ஆனால் அது கேள்வியில் இடம்பெற்றால் கேள்வி நிற்காது. வாதம், ஊகம், குற்றச்சாட்டு, ஏளனம் ஆகியவை கேள்விக்குள் இருக்கக்கூடாது என்பது அவை விதி. அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக்கூடாது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் தொடக்கூடாது. ஏற்கெனவே விடை சொல்லப்பட்டதை அப்படியே திரும்பக் கேட்கக்கூடாது. தனி ஒருவரின் குறையை அவர் பெயர் சொல்லிக் கேட்பதும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. எனவே பாட்டியின் பெயர் வினாவில் இல்லை. அவருக்கு நேர்ந்தது (ஆ) பகுதிக்குள் ஓர் எண்ணாக அடங்கியிருக்கிறது. வினாவை ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்பவர் பேரவைத் தலைவர்.

(ஈ) பகுதியைச் சேர்க்கச் சொன்னது ஐவரில் ஒருவரான, முன்பு கயிறு திரித்து வாழ்ந்த அம்மா ஒருவர். ஓய்வூதியம் மீண்டும் வந்தாலும் நின்ற மாதங்களுக்கு மருந்துக்கடையில் ஏறிய கடன் அப்படியே இருக்கும் என்றார். சம்பந்தப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால்தான் இத்தகைய பகுதி வரும். கூட்டத்தில் பேசுவதற்காக எழுதினால் வராது.

விடையைப் படிக்கவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ‘கருத்துரு ஏதும் இல்லை’ என்றால் மாவட்டத்திலிருந்து இதுவரை யாரும் எழுதி அனுப்பவில்லை என்று பொருள். அடுத்த வேலை, மாவட்டத் துறை அலுவலகம் கருத்துருவை அனுப்பச் செய்வது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் கோப்பு எங்கோ இருக்கிறது. எப்போது அனுப்பப்பட்டது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று துணை வினா கேட்கலாம். ‘நிதி நிலைமைக்கேற்ப’ என்ற சொற்றொடர் வந்தால், அந்தத் துறை தன் செலவுக்கு அவையிடம் நிதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்பது இன்னொரு வகை; அதைப் படித்துவிட்டுப் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டியதில்லை. அவையில் அமைச்சர் ‘பார்க்கிறேன்’, ‘செய்து தருகிறேன்’, ‘தகவல் பெற்றுத் தருகிறேன்’ என்று சொல்வது உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மக்களவையில் 1953 முதல் இதற்கென உறுதிமொழிக் குழு இயங்குகிறது. தந்த உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை, இயலாவிட்டால் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். நம் சட்டமன்றத்துக்கும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. அது மாவட்டங்களுக்கு வந்து, அவையில் சொல்லப்பட்ட பாலமும் பள்ளிக் கட்டடமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அதிகாரிகளை அழைத்துக் கேட்கிறது. அத்தகைய குழு வரும் செய்தி நாளிதழில் உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில் சிறிதாகத்தான் வரும். அதைத் தவறவிடாதீர்கள்.

எண்ணை அவையில் சொல்ல வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதை நம் கடற்கரை அறிந்திருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர், நீரோடி, பூத்துறை என்று வரிசையாக ஊர்கள் ஆட்களை இழந்தன. காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதில், அரசு சொன்ன எண்ணும் மீனவர் அமைப்புகளும் தேவாலயப் பங்குகளும் வீடு வீடாகத் தொகுத்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. அப்போது நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியிருந்த கேள்விகளை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கை எப்போது தரப்பட்டது என்பது வானிலை ஆய்வு மையத்தைக் கொண்ட புவி அறிவியல் துறைக்கு. தேடுதலில் எத்தனை கப்பல், எத்தனை நாள் என்பது கடற்படையையும் கடலோரக் காவல் படையையும் கொண்ட பாதுகாப்புத் துறைக்கு. பேரிடர் நிதி உள்துறைக்கு. மீன்வளம் அப்போது வேளாண் துறைக்குள் இருந்தது, 2019-இல்தான் மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளம் ஆகியவற்றுக்கென்று தனி அமைச்சகம் பிறந்தது. குடும்பங்களுக்கான இழப்பீடோ மாநில அரசிடம். ஒரே இரவில் ஒரே புயலில் கணவனை இழந்த பெண், தன் ஒரு கேள்விக்கு இத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதை எப்படி அறிவாள்? அதை அறிந்து பிரித்துக் கேட்பதற்குத்தான் பிரதிநிதி. அங்கே ஒவ்வொரு துறையும் எழுத்தில் தந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எங்கே பொருந்தவில்லை என்பது தெரியும்.

கேள்வியால் எதுவும் நடக்காது என்று சலித்துக்கொள்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு பழைய நிகழ்வை நினைவூட்ட விரும்புகிறேன். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் முதலீடு செய்தது குறித்து 1957-இல் மக்களவையில் கேள்விகள் எழுந்தன. ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஃபெரோஸ் காந்தியே அதை விடாமல் பின்தொடர்ந்தார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பொதுமக்கள் கட்டிய காப்பீட்டுப் பணம் எங்கே போயிற்று என்ற கேள்வி அவ்வளவு தூரம் சென்றது. மாறாக, பெருந்தொற்றைக் காரணம் காட்டி 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் நீக்கப்பட்டபோது எழுத்துமூல விடைகள் மட்டும் வந்தன; துணை வினா இல்லை. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பியவர்களைப் பற்றியும் நிவாரணத்தைப் பற்றியும் அதிகம் கேட்க வேண்டியிருந்த காலம் அது. அந்த இழப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நாம் செய்யக்கூடியது என்ன என்பது எளிது. ஆனால் பொறுமை வேண்டும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அதற்கு எண்ணுடன் ஒப்புகை கிடைக்கும்; அந்த எண்ணைப் பாதுகாத்து வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாளுக்குள் விடை வர வேண்டும்; அந்த விடையோ, விடை வராததோ, இரண்டுமே உறுப்பினரின் கேள்விக்கு அடிப்படையாக உதவும். தோவாளை சானல் என்ற பாசனக் கால்வாயின் கடைவரம்புக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதைவிட, பேச்சிப்பாறை அணை திறந்த தேதி, அன்றைய நீர்மட்டம், நம் மடைக்குத் தண்ணீர் வந்த தேதி ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரையோ துறையின் பெயரையோ கொடுத்துப் பழைய விடைகளைத் தேடலாம். முன்பே விடை சொல்லப்பட்ட கேள்வியை மறுபடி எழுதி ஏமாற வேண்டியதில்லை. அந்தப் பழைய விடையைச் சுட்டிக்காட்டி அதன் அடுத்த படியைக் கேட்கலாம்.

ஐந்து பேரின் பெயர், ஓய்வூதிய எண், வரவு நின்ற மாதம், அலுவலகத்தில் சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மாதிரி வினாவையும் இணைத்து, சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எடுத்துப் போனோம். பாட்டி தம் சிரமத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தயாராக வந்திருந்தார். அங்கிருந்த உதவியாளர் இளைஞர், தாளை ஒரு முறை படித்துவிட்டு, “எந்த மாசத்திலிருந்து வரல்ல பாட்டி? கடைசியா வந்த தேதி காட்டுங்க” என்று கேட்டார். பாட்டி நெகிழி உறையைப் பிரித்து, கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பதிவின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.